இம்மாதம் நான்கு சிபாரிசுகள்

ஒரு புத்தகம் நன்றாக இருக்கிறது என்று அடுத்தவரிடம் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன்னால் சுமாரான ஏழெட்டுப் புத்தகங்களைப் படித்துத் தொலைத்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் என்றால் இன்னும் மோசம். மூன்றாவது பகுதியில் சூடு பிடிக்கும் என்பார்கள். ஆறாவது பகுதி வரைக்கும் ஒருத்தி கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பாள். அதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தவள் நான். என் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைப் பார்த்து, உறுத்தலில் தூங்கவில்லை என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. இது பழைய கருவளையம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். வானொலியில் அறிவிப்பாளராக இருந்தாள். ஓய்வுபெற்றதும் பொழுது போகாமல் நாற்பது சிநேகிதர்களுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தாள். ஒரு சாப்பாடு, ஒரு தொலைக்காட்சித் தொடர், ஒரு பாட்காஸ்ட், ஒரு புத்தகம். நான்கே நான்கு. எட்டு வருடத்தில் அந்த நாற்பது பேர் பதினோராயிரம் பேர் ஆனார்கள். மாதத்தின் முதல் தேதி காலையில் அக்காவின் கடிதம் வராவிட்டால் பல்கூடத் தேய்க்க மாட்டோம் என்று எழுதியவர்கள் உண்டு.

நான் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் காலமானதும் அக்கா என்னைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் சீக்கிரம் வலித்துவிடும். அதனால் படிப்பது நான், பார்ப்பது நான், கேட்பது நான், சமைத்துப் பார்ப்பதும் நான். காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் ஒப்பிப்பேன். “சூப் நல்லாத்தான் இருக்கு, வடிகட்டத்தான் நேரமாகுது” என்பேன். “அவசரக்காரர்கள் இந்த சூப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்” என்று அவள் எழுதுவாள். ஊரே சிரிக்கும். கடிதங்களில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. “வீட்டில் ஒருத்திக்கு இந்தத் தொடர் பிடிக்கவில்லை” என்று அவ்வப்போது வரும். அந்த ஒருத்தி நான்.

எனக்கு அதில் கோபம் இருந்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அலுப்புத்தான் இருந்தது.

போன வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. வலி தெரியாமல் தூங்குவதற்கு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். படுக்கும்போது ஒன்று, மூன்று வாரத்துக்கு மட்டும். அந்த மாதக் கடிதத்தை நானே எழுதி, அக்காவின் பெயரில் அனுப்பினேன். ‘இந்த மாதம் மாதிரி நீங்கள் எழுதியதே இல்லை’ என்று நிறையப் பேரிடமிருந்து பதில் வந்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“பாத்தியா குட்டி, இடுப்பு உடைஞ்சாத்தான் எனக்கு எழுத வருது போல” என்று சிரித்தாள். ஐம்பத்தொன்பது வயதிலும் நான் அவளுக்குக் குட்டிதான்.

மூன்று வாரம் முடிந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. அடுத்த கடிதம் பாதியில் நின்றது. அதை முடிக்கும்வரை என்றுதான் நினைத்தேன். பிறகு காலையிலும் ஒன்று என்று ஆயிற்று. இரண்டு கடைகளில் மாற்றி மாற்றி வாங்கினேன். மருந்துக்கடைக்காரர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். பொடித்து சூப்பில் போட்டு, கசப்புத் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பேன்.

அக்கா ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு நாள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“குட்டி, இந்தப் பக்கத்தை நேத்தும் படிச்சேனா?”

“ஆமாக்கா.”

“அப்பாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வருதாடி?”

அப்பா கடைசிக் காலத்தில் எங்கள் பெயரையே மறந்துபோயிருந்தார். அக்கா சாவுக்குப் பயந்தவள் இல்லை. அந்த ஒன்றுக்குத்தான் பயந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

“வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் வரும். நீ தூங்கு” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். கையை உருவிக்கொண்டு போய் நான் தொடரின் மிச்சத்தைப் பார்த்தேன்.

நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். “இந்நேரம் இவங்க ஓடணும். ஏன் இப்படித் தள்ளாடறாங்க?” என்று கேட்டாள். அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்படிப் பத்து மாதம், பத்துக் கடிதம். சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், அவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாம். அலுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தாம் நாள் தலையைத் தூக்கிப் பார்த்தால், அக்கா தானாக எழுந்து, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து மேஜைக்கு வந்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மடிக்கணினியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“இங்க வா குட்டி. பத்தையும் படிச்சு முடிச்சேன்.”

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

“என்னைவிட நல்லா எழுதியிருக்கடி. சும்மா சொல்லல. இத்தனை வருஷம் உன் உழைப்புல நான் பேர் வாங்கியிருக்கேன், வெட்கமா இருக்கு. இந்த மாசத்துல இருந்து உன் பேரையும் போட்டுடலாம்.”

சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மனதாரத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நான் பிழை திருத்துகிறவள். ‘உன் பேரை’ என்பதற்கும் ‘உன் பேரையும்’ என்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓர் உம். படித்தது, பார்த்தது, கேட்டது, சமைத்தது, கடைசியில் எழுதியது எல்லாம் நான்; எனக்குக் கிடைத்தது ஓர் உம். அவள் வேண்டுமென்று அதைச் சேர்க்கவில்லை. அப்படி ஒன்று வாயிலிருந்து விழுந்ததே அவளுக்குத் தெரியாது.

“சரிக்கா. முதல்ல சாப்பிடு” என்றேன்.

எத்தனை மாத்திரை என்று நேற்றும் கேட்டீர்கள். அட்டையில் மீதி இருந்த அத்தனையும். அக்கா சூப்பை ரசித்துக் குடித்தாள். “இன்னிக்கு சர்க்கரை கொஞ்சம் தூக்கல் குட்டி” என்றாள். ஆனால் மிச்சம் வைக்கவில்லை. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தவள் எழுந்து செய்தது என்று முழுவதையும் குடித்தாள். பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். அந்த மாதத்துக்கான பாட்காஸ்ட் பாக்கி இருந்தது. வலசை போகும் பறவைகளைப் பற்றி ஓர் அம்மாள் பேசினார். நடுவில் அக்காவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. ஹெட்ஃபோனையும் தாண்டிக் கேட்டது. உதட்டின் நிறம் மாறியதையும் பார்த்தேன். போன் என் கையில்தான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமானால் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும். இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. பாதி கேட்டுவிட்டு ஒன்றைச் சிபாரிசு செய்வது நேர்மையில்லை. முடியும்வரை கேட்டேன். முடிந்தபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை.

ஆகவே, அவளைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். காய்ச்சல் மயக்கத்தில் செய்தேன் என்று வக்கீல் எழுதச் சொல்வார், அது வேண்டாம். எனக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. முதல் தேதிக் கடிதத்தை அன்று சாயங்காலமே எழுதி, இரண்டு முறை பிழை பார்த்து, என் பெயரை மட்டும் போட்டு வைத்தேன். நீங்கள் வந்து என்னை அழைத்துப்போன அன்று காலையில்தான் அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

வந்த பதில்களை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினீர்கள், நன்றி. எல்லாவற்றையும் படித்தேன். பறவைகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. புத்தகத்தைப் பற்றியும் இல்லை. அத்தனை பேரும் அக்கா எங்கே, அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

புதிதாக ஒருவர் எழுத வந்தால் முதலில் அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடுவார்கள்.