வழக்கு வரும்வரை காத்திருந்த நீதிபதி ஆர்விட் நைகார்டு அவர்களுக்கு

நீதியின் நெடுந்தூணே! நிதானத்தின் நிறைகுடமே! வடக்கு டக்கோட்டாவின் வாடைக்கும் வளையாத வழக்கறி நாயகரே! ஹால்டன் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஒரே நீதிபதியாய் இருபத்தாறு ஆண்டுகள் ஒளிர்ந்து, இன்று ஓய்வு பெறும் மாண்பமை ஐயா அவர்களே! வணக்கம்.

மனு வாங்கும் முகப்பில் அமர்ந்திருக்கும் எனக்கு இம்மடல் எழுதும் பேறு வாய்த்தது புலமையால் அன்று. யார் எழுதுவதென்று முடிவான நாளில் பல்வலியென்று விடுப்பில் போனதால்.

அரசமைப்பை மீறிவிட்டார்கள் என்று ஆர்ப்பரித்து வந்தோரிடமெல்லாம் தாங்கள் கேட்டவை மூன்றே: உங்களுக்குப் பட்ட அடி என்ன, அடித்தவர் இவர்தானா, நான் தீர்ப்புச் சொன்னால் வலி தீருமா? மூன்றுக்கும் விடையிருந்தால் வழக்கு. இல்லையேல் வெறும் வருத்தம். "நாட்டுக்காகக் கேக்குறேன்யா!" என்று முழங்கிய கோதுமை விவசாயியிடம், "நாட்டுக்கு வலிச்சா நாடே வரட்டும். உங்களுக்கு என்னப்பா வலி?" என்றீர்கள். அவருக்கு ஒன்றுமில்லை. முறைத்துக்கொண்டே போனார்.

லொரெட்டா வாசெக் அம்மையாருக்கு வலி இருந்தது. நம் மாவட்ட நிர்வாகமாகிய கவுண்டியின் சிறையில் மகனைப் பறிகொடுத்தவர். 'என் மகன் எப்படிச் செத்தான்?' என்ற பலகையோடு வியாழன்தோறும் கவுண்டி அலுவலக வாசலில் நின்றார். வாசலில் பலகை ஏந்தக் கூடாதென்று கவுண்டி மன்றம் தடை போட, பேச்சுரிமை கேட்டுத் தங்களிடம் வந்தார். மன்றத் தலைவர் டெல்பர்ட் ஸ்ட்ரோவோ, ஊரில் தங்களுக்கிருந்த ஒரே நண்பர். குளிர்காலச் சனிக்கிழமைகளில் உறைந்த ஏரியின்மேல் அவருடைய மரக்குடிலுக்குள் இருவரும் பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டவர்கள். அந்த நட்பை நீதிமன்றத்தில் எல்லார் முன்னும் சொன்னீர்கள். இரு தரப்பும் சம்மதித்தன. ஆயினும் வழக்கு வந்த வாரமே குடிலுக்குப் போவதை நிறுத்தினீர்கள்.

விசாரணைக்கு முதல் நாள் கவுண்டி தானாகவே தடையை நீக்கியது.

"தடையே இல்லைங்கய்யா. அப்புறம் வழக்கு ஏது?" என்று சிரித்தார் கவுண்டி வக்கீல்.

"நாளைக்கே திரும்பப் போட மாட்டோம்னு சொல்ல முடியுமா?"

"அது... மன்றந்தான் முடிவு பண்ணணும்."

"அப்ப வழக்கு இன்னும் சாகலை. உக்காருங்க."

அம்மையார் சொன்னதைக் கேட்டீர்கள்; அரசமைப்புக்கு முரணான தடை என்றீர்கள். என் முகப்பில் நின்று அவர் அழுதார். எனக்கு அன்று சளி பிடித்திருந்தது என்றே சகாக்களிடம் சாதித்துவிட்டேன்.

டெல்பர்ட் அதன்பின் தங்களிடம் பேசவில்லை. தாங்கள் தனிக்குடில் வாங்கினீர்கள். எங்கே நிறுத்தினீர்கள்? அவருடையது கண்ணில் படும் தூரத்தில்! ஏழு குளிர்காலம், ஒரே ஏரி, இரண்டு புகைபோக்கி. வக்கீல்கள் விருந்துக்கு அழைத்தால் நாளை அவர்கள் வழக்கோடு வருவார்களென்று போக மாட்டீர்கள். மதியம் மாவுருண்டை மிதக்கும் நெஃப்லா சூப்பைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தீர்கள். எங்கள் சாப்பாட்டு மேசையருகே ஒரு நாற்காலியைத் தங்களுக்கென்று காலியாக விட்டு வைத்தோம். அதில் கோட்டுகள்தாம் குவிந்தன.

போன வாரம் டெல்பர்ட்டைத் தங்கள் வழியனுப்பு விழாவுக்கு அழைக்கப் போனோம்.

"என்னைக் கூப்பிட நீங்க யாருடா? அந்தாளுக்கு வாயில்லையா?" என்று கத்தினார். கதவைச் சாத்தப் போனவர் நின்று, "சனிக்கிழமை விடிஞ்சதும் அவன் குடில்ல புகை வருதான்னு பாப்பேன். வரலைன்னா நானே போயிருப்பேன். பாவி, ஒரு வாரங்கூடத் தவறாம அடுப்பு மூட்டுறான்" என்றார்.

ஐயா, எந்தப் பிணக்கையும் தானே தேடிப் போகாமல், கொண்டு வருவோருக்காகக் காத்திருப்பதே நீதிமன்றத்தின் அறம். அவ்வறத்தைத் தாங்கள் வீட்டுக்கும் எடுத்துப் போனீர்கள். நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! காது மறைக்கும் தொப்பியோடு கதகதப்பாய் வாழ்க! இன்று மாலையோடு தாங்கள் நீதிமன்றம் அல்லர், ஐயா. ஏரியில் பனி கெட்டியாகத்தான் இருக்கிறது. நடக்கும் தூரந்தான். தாங்களே முதலில் போய்க் கதவைத் தட்டுங்கள்.

என்றும் அன்புடன்,
ஹால்டன் கூட்டாட்சி நீதிமன்ற அலுவலகத்தார்
எழுத்து: விர்ஜில் ஹோவ்டா, மனு முகப்பு