வளர்கிற பிள்ளைக்கு ஒரு சப்பாத்து

வளர்கிற பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும் என்பது கொட்டாஞ்சேனையில் எல்லாத் தாய்மாருக்கும் தெரியும், மிஸ். முன்னால் பஞ்சை அடைத்துவிட்டால் அடுத்த வருட நத்தாருக்கும் ஓடும். என் தங்கை யோசெப்பின் முதல்நன்மை எடுத்ததே பஞ்சடைத்த சப்பாத்தோடுதான். பீடத்துக்கு முன்னால் ஒன்று கழன்று விழ, பாதரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். நீங்கள் கேட்பது அவளுடைய மகள் ரொஷேலின் சப்பாத்தைப் பற்றி என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஐஸ் என்றால் மீனுக்குப் போடுவது. அதன்மேல் பிள்ளைகளை ஆடவிடலாம் என்பது புது ஷொப்பிங் மோலில் ஐஸ் தளம் திறந்த பிறகுதான் தெரிந்தது. கனடாவில் மச்சாள்மாரின் பிள்ளைகள் எல்லாம் ஆடுகிறார்கள், நாங்கள் என்ன குறைந்தவர்களா? ரொஷேலுக்கு மூத்தவளான என் மகள் மிதுனாவை முதல் ஆளாகச் சேர்த்தேன். ஒரு வருடமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு மிக அழகாகச் சுற்றி வந்தாள்.

யோசெப்பினுக்குச் சனிக்கிழமையும் துறைமுகத்தில் வேலை, புருஷன் கட்டாரில். அதனால் ரொஷேலும் எங்களோடு வந்து பெஞ்சில் இருப்பாள். ஒருநாள் சும்மா இருக்கிறாளே என்று வாடகைச் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். அவள் சுவரைத் தொடவே இல்லை. பயிற்சி கொடுக்கிற டெரிக் சேர் என்னிடம் ஓடி வந்தார்.

"அன்ரி, இந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் எங்க இருந்தது?"

"பெஞ்சில இருந்தது" என்றேன்.

வருடக் கடைசியில் ஒரு பிள்ளையைப் பயிற்சிக்கு மணிலாவுக்கு அனுப்புவார்கள். அன்றைக்கே அது ரொஷேல்தான் என்று சேரின் முகத்தில் எழுதியிருந்தது. மிதுனாவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கமாட்டேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். பாதர் செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

பிறகு உதவி செய்யத் தொடங்கினேன். ரொஷேலுக்குச் சொந்தச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது நான். யோசெப்பின் அழுதுவிட்டாள். "அக்கா, நீ இல்லாட்டி என்ர பிள்ளைக்கு ஆர்?" என்றாள். சப்பாத்தின் முனையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வளர்ற பிள்ளைதானே, இருக்கட்டும்" என்று அவளே பஞ்சையும் அடைத்தாள். கையைப் பிடித்து நான் அடைக்கச் சொல்லவில்லை.

டெரிக் சேரும் அதே இடத்தில்தான் விரலை வைத்து அழுத்தினார்.

"அன்ரி, இது பள்ளிக்கூடச் சப்பாத்து இல்ல. உள்ளுக்குக் கால் ஆடினா, பாய்ஞ்சு இறங்கக்குள்ள கணுக்கால் உடைஞ்சிடும். அம்மாட்டக் கட்டாயம் சொல்லுங்க."

"ஓம் சேர், சொல்றன்."

யோசெப்பினிடம், சேருக்கு நல்ல சந்தோஷம் என்று சொன்னேன். வேலையால் களைத்து வருகிறவளுக்குக் கவலையைக் கொடுப்பானேன்? சேரிடம், அளவான சப்பாத்து கனடாவிலிருந்து வருகிறது என்றேன். அது வரும்வரை பாயக்கூடாது, மெதுவாகச் சறுக்கினால் போதும் என்று அவர் விட்டுவிட்டார். நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்புவார்.

தெரிவு நாள் காலையில் பஞ்சை எடுத்தேன். வேர்வையில் ஊறி நாற்றமடித்தது, நான் சுத்தம் பார்க்கிறவள். புதுப்பஞ்சு வாங்க பாமசி திறந்திருக்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் திறந்துதான் இருந்தது.

"பெரியம்மா, கால் ஆடுது" என்றாள் ரொஷேல்.

"நல்லா இறுக்கிக் கட்டினாச் சரி மகள். சேர் இண்டைக்குப் பாய்ஞ்சு காட்டச் சொன்னவர்."

சொல்வழி கேட்கிற பிள்ளை. நானே முழங்காலில் நின்று நாடாவைக் கட்டிவிட்டேன். சேர் அந்தப் பக்கம் நடுவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அவள் பாய்ந்தாள். மேலே போனது நல்ல அழகு, அதில் குறை சொல்லமாட்டேன். இறங்கியதை எல்லோரும்தான் பார்த்தார்கள். எலும்புக்குள் ஆணி வைத்திருக்கிறார்கள். நடப்பாளாம், பாயத்தான் மாட்டாளாம். எத்தனையோ பிள்ளைகள் பாயாமலே வளர்கிறார்கள்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து, "நாங்களும் இப்பிடித்தானே வாங்குறம், இது கண்ணூறுதான்" என்று முடிவு கட்டினார்கள். யோசெப்பின் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழட்டும் என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பஞ்சை எடுத்ததைப் பார்த்து உங்களிடம் சொன்னது மிதுனாதான் என்று தெரியும். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது சும்மாவா? வீட்டில் என்னோடு கதைப்பதும் இல்லை. பரவாயில்லை, ரொஷேலுக்குப் பதிலாக மணிலாவுக்குப் போய் வந்தால் விளங்கும்.

ஆகவே பொலிஸ் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மிஸ். சேர் சொன்னதை மறைத்தேன், பஞ்சை எடுத்தேன், பாயச் சொன்னேன். எல்லாம் அந்த ஒரு நாள் புத்தி பிசகியதால் வந்தது. முதலிலேயே திட்டம் போட்டு வாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது அபாண்டம். பெரிதாக வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். சப்பாத்தையும் நான் வீணாக்கவில்லை, துடைத்து வைத்திருக்கிறேன். மிதுனாவுக்குப் பஞ்சில்லாமலே அளவாக இருக்கும். கடையில் அவளுடைய காலில் போட்டுப் பார்த்துத்தானே வாங்கினேன்.