பொன்னாயி தட்டிய நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்

பெயர் பொன்னாயி, வயது 23, தகப்பனார் அங்கமுத்து, விவசாயக் கூலி. சொந்த ஊர் விக்கிரமங்கலம். பெரம்பலூரில் அத்தை வீட்டில் தங்கி, பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று 21.8.1989 திங்கள் காலை அரியலூரில் உள்ள இக்காவல் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த எங்கள் முதலாளி சென்ற வருடம் துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அதைச் சொல்லிக்கொடுக்க சாமிதுரை என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு ஆணை எழுதுவதற்கென்று ஒரு மொழி வேண்டும், அது மெஷினோடு வரவில்லை. விலைக்கு வாங்க எங்களால் ஆகாது. சாமிதுரையின் கல்லூரி நண்பர் நல்லதம்பி மெட்ராஸில் ஒரு நிறுவனத்தில் படிக்கிறார். அங்குள்ள பெரிய கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்காவில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் போட்டால், அங்கே சேர்த்து வைத்திருக்கும் புரோகிராம்களில் கேட்டதை அது தானே அனுப்பிவைக்குமாம். யார் கேட்டாலும் தருமாம். நான் முதலில் நம்பவில்லை.

அதன் பிறகு நல்லதம்பி கேட்டு, அந்த மொழி துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. மெட்ராஸ் மெஷினில் எங்கள் பிளாப்பித் தகடு நுழையாது என்பதால் எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பினார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி கம்ப்யூட்டர் எழுத்து. வரிக்கு அறுபத்தொரு எழுத்து. ஏறக்குறைய எல்லா வரியும் 'எம்' எழுத்தில் தொடங்கும். அதற்கு மேல் ஒரு சொல்கூடக் கிடையாது, குறிகளும் எண்களும் பெரிய எழுத்துகளுமாகக் கொட்டிக் கிடக்கும். அதை ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டரில் திரும்பத் தட்டினால், மெஷின் அதைப் பிரித்து மொழியாக்கிக்கொள்ளும் என்றார் சாமிதுரை. நான் ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை தேறியவள். ஒன்பது நாளில் தட்டி முடித்தேன். ஓடவில்லை.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க தப்பாத் தட்டியிருக்க மாட்டீங்க, தாள்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு, நல்லதம்பியிடமே காட்டி ஒத்துப் பார்க்க அந்தக் கம்ப்யூட்டர் எழுத்து இருந்த தாள்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மெட்ராஸ் ரயிலுக்கு அரியலூர் போனார். இரண்டு வருடம் முன்பு மருதையாற்று ரயில் பாலத்தில் குண்டு வெடித்து வண்டி கவிழ்ந்த பிறகு ஸ்டேஷனில் பை சோதனை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது நினைவில் இல்லை.

அங்கே நடந்ததை அவருடைய அண்ணன் வந்து சொன்னார். "இது என்னய்யா?" என்று ஏட்டய்யா கேட்டிருக்கிறார். "ஒரு மொழிங்க சார்." "படிச்சுக் காட்டு." "எனக்கே படிக்கத் தெரியாதுங்க." அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மைதான் அவரை உள்ளே வைத்தது.

அதன் பிறகு நேற்று காலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண், "அக்கா, இந்த மெஷின்ல ஒண்ணாம் நம்பர் எங்க இருக்கு?" என்று கேட்டாள். எங்கள் பழைய டைப்ரைட்டரில் ஒன்றுக்குத் தனிக் கட்டை கிடையாது. சின்ன 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். அவளிடம் அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் எழுந்து கம்ப்யூட்டரிடம் போனேன். கம்ப்யூட்டரில் ஒன்றுக்குக் கட்டை உண்டு, என் விரல் அதைத் தேடியதே இல்லை. நானூற்றுச் சொச்சம் வரியிலும் ஒன்று வருகிற இடமெல்லாம் 'எல்' அடித்திருக்கிறேன். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அந்தத் தாள்களில் சின்ன எழுத்தே கிடையாது. ஆகவே 'எல்' இருந்த இடத்திலெல்லாம் ஒன்றைப் போட்டேன். சாயங்காலம் மெஷின் 'ஓகே' என்று காட்டியது. சாமிதுரை நோட்டில் எழுதி வைத்திருந்தபடி இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னேன். ஐந்து என்றது. நான் அழுதேன். அவர் பார்க்க வேண்டியதை நான் மட்டும் பார்த்தேன்.

அவருக்கும் எனக்கும் வேறு பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, அந்த மொழியை எனக்கும் சொல்லித்தருவதாகச் சொன்னார், அதற்காகத்தான் தட்டினேன் என்கிறேன். இதற்கு மேல் கேட்டால் அது இந்த வழக்குக்கு வேண்டாதது.

நாளை அவரை விசாரணைக்காகத் திருச்சிக்குக் கொண்டுபோவதாக அறிகிறேன். தவறு என்னுடையது. நான் சரியாகத் தட்டியிருந்தால் அவர் ரயிலுக்கே போயிருக்க மாட்டார். பிளாப்பியைக் கொண்டுவந்திருக்கிறேன். யாராவது என்னோடு பெரம்பலூர் வந்தால் ஓட்டிக் காட்டுகிறேன். அவரையும் கூட்டி வாருங்கள், விலங்கு போட்டாவது.

நான் சொல்லக் காவலர் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லாமல் நானே வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தேன். 'ரகசிய எழுத்து' என்று இரண்டு இடத்தில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அடித்துவிட்டு 'கம்ப்யூட்டர் எழுத்து' என்று எழுதவைத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது இதில் பிழை இல்லை.

(ஒப்பம்) அ. பொன்னாயி