காப்பி தராத கான்ஃபித்தேரியா

– பதினேழு பேரு! காலையில கடை தொறந்ததுல இருந்து பதினேழு பேரு வந்து காப்பி கேட்டாங்கமா ஃபரா. அல்வா கேட்டது ஒருத்தர் இல்ல.

– போர்டை சரியா படிக்கல அத்தா. அது கான்ஃபித்தேரியா.

– அவங்க சரியாத்தான் படிக்கிறாங்க. 'காப்பி தரியா'ன்னு நானே போர்டு மாட்டிட்டு, 'தரமாட்டேன் போ'ன்னு அனுப்பிக்கினு இருக்கறேன்.

– ஸ்பானிஷ்ல மிட்டாய்க் கடைக்கு அதான் பேரு. ஆன்லைன்ல ஒரு வருஷம் படிச்சேன்ல?

– பிள்ளையார்பாளையத்துல எவன்மா ஸ்பானிஷ் பேசறான்? 'ஜோஹரா ஸ்வீட்ஸ்'னு உங்கம்மா பேரை வெச்சிருந்தா இந்நேரம் தட்டு காலி. ஏணியைப் புடி, போர்டை இறக்கறேன்.

– ஐயோ, ஏறாதீங்க அத்தா! அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டுட்டு இறக்குங்க.

– சொல்லு. ஏணியில நின்னுக்கினே கேக்கறேன்.

– 'கான்ஃபித்தே'ன்னா நம்ம சீரக மிட்டாய் மாதிரி, சர்க்கரை பூசின உருண்டை. அதை விக்கிற கடை கான்ஃபித்தேரியா.

– நல்லா இருக்குது. சீரக மிட்டாயும் நம்மகிட்ட இல்ல.

– இருங்க. அதுக்கும் முன்னால, லத்தீன்ல, 'செஞ்சு முடிச்சது'ன்னு அர்த்தம். முழுசா. தறியில ஓட்டி முடிச்சு அறுத்து எடுத்த சேலை மாதிரி.

– முடிச்சதா?

– ஆமா. நீங்க ஆரம்பிச்ச ஜரிகை ஏஜென்சி, செல்போன் கடை, கோழிப்பண்ணை... எல்லாம் பாதியில நின்னுச்சு. தெருவே சிரிச்சுது. இதையாச்சும் எங்க அத்தா முழுசா செய்வாருன்னு தேடிப் புடிச்சு வெச்சேன்.

– அந்தத் துண்டை எடுமா.

– அத்தா? துண்டு எதுக்கு?

– கண்ணுல தூசு. ஏணியை நல்லா புடிமா, இறங்கறேன்.

– போர்டு?

– மாட்டினது மாட்டினதுதான். ஊரு மெதுவா படிச்சுக்கட்டும். அட, அங்க பாரு, மூணாவது வீட்டுத் தறிக்காரரு வர்றாரு, பதினெட்டாவது ஆளு. வாங்க முனிரத்தினம்! மொதல்லயே சொல்லிடறேன், காப்பி இல்ல. இது கான்ஃபித்தேரியா. அதுக்கு அர்த்தம் என்னன்னா...

– நான் காப்பி கேக்கலையே பாய். குடிச்சாச்சு. நீங்க திருப்பி அனுப்பின அத்தனை பேரும் பின்னால சந்துல உங்க வீட்டம்மாகிட்ட அல்வா தின்னுட்டு காப்பி குடிச்சுக்கினு இருக்காங்க. அண்டாவுல அல்வா தீந்துபோச்சாம், முன்னால சும்மா கிடக்கிற அல்வா தட்டை வாங்கிக்கினு வரச் சொன்னாங்க.