முழுகிப்போன ரூட்டு

"நம்ம ரூட்டு மொத்தமும் முழுகிப்போச்சு மச்சான்!"

குத்தாலம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பையன், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, சிரித்தபடியே இதைச் சொன்னான். பக்கத்தில் இருந்த சிநேகிதன் திடுக்கிட்டான்.

"எந்த ரூட்டுடா?"

"காஞ்ச ஆத்துமணல்ல எலெக்ட்ரிக் பைக் ஓட்டி, போன் மேப்புல பதிஞ்சு வச்சோமே, அதுதான். காலையில தண்ணி வந்துடுச்சு."

"அடப்பாவி! ஞாயித்துக்கிழமை அதுல ஓட்டத்தானே திருச்சிப் பசங்கள வரச்சொன்னோம்?"

"வரட்டும், கரைமேல கூட்டிட்டுப் போவோம். வெயில்ல போன் மேப்பு கண்ணுக்கே தெரியல. ஹேண்டில்ல மாட்டுற ஜிபிஎஸ் ஒண்ணு வாங்கிடலாம்."

"நேத்து வரைக்கும் நாத்து காயுதுன்னு சோறு திங்காம கெடந்தே. இன்னிக்கு ஜிபிஎஸ் கேக்குதா?"

"இன்னிக்குத்தான்டா கேக்கும்!"

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காவேரித் தாயே என்று நான் கைகூப்பினேன். முன்சீட்டிலும் இரண்டு ஜோடிக் கைகள் கூப்பியிருந்தன.

பாலம் தாண்டியதும் சிநேகிதன் கேட்டான். "சரி, புது ரூட்டு எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"எங்க நாத்தங்கால்லேருந்து. தண்ணி பாஞ்சிருக்கிறத எல்லாரும் ஒரு தடவை பாத்துட்டுக் கெளம்பலாம்."