ஏழுக்குப் பதிலாக

ராத்திரி பத்தரை மணி. வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் சாலை. ஒரே ஒரு பைக்... முன்னாலும் பின்னாலும் வேறு வெளிச்சம் இல்லை. ஓட்டியவன் என் சிநேகிதன் ஜெர்சன். பின்னால் அவன் அக்கா ஹெப்சிபா. இரு மாப்ள, சிரிப்பை அப்புறம் வைத்துக்கொள்.

அன்று சாயங்காலம் அங்கே கூடைப்பந்து மேட்ச். ஜெர்சனுக்கு ஏழாம் நம்பர் சட்டை. அக்கா ஆட்டத்தின் புள்ளிவிவரம் எழுதுகிறவள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆட்டத்தைப் பார்த்து, எந்த நம்பர் சட்டைக்காரன் என்ன செய்தான் என்று சொல்வார், மற்றவர் எழுதுவார். எழுதுகிறவர் நிமிரக் கூடாது, நிமிர்ந்தால் ஏதாவது ஒன்று தவறிவிடும். ஹெப்சிபா நிமிரவே மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பார்த்துச் சொல்ல வேண்டிய சூரியபிரகாஷ் வரவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். அப்போது பக்கத்து நாற்காலி... கிரீச். ஈரச் சாக்கு வாடை.

"நாலு போடுறான்... உள்ள."

தொண்டை கட்டிய குரல். அப்பாடா, வந்துவிட்டான் என்று அவள் எழுத ஆரம்பித்தாள்.

பாதி ஆட்டத்தில்தான் உறைத்தது. முதலில் குரல்... அதற்கப்புறம்தான் பந்து வலையில் விழும் சத்தம்.

"அஞ்சு விழுறான்."

எழுதினாள். பிறகு மடக்கென்று ஒரு சத்தம். அஞ்சாம் நம்பர் பையன் காலைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

அப்போதும் அவள் நிமிரவில்லை. குரல் நிதானமாகச் சொன்னது...

"ஏழு. ஒரேயடியா வெளியே."

பேனா நின்றது. ஏழு அவள் தம்பி.

"எழுது தாயி." நாற்காலி நெருங்கி வந்தது.

தப்பாக ஒரு புள்ளிகூட வைக்காதவள், அன்று பொய் எழுதினாள். இரண்டு டீமிலும் யாருமே போடாத நம்பர். குரல் அடங்கியது. நிமிர்ந்தாள்... நாற்காலி காலி. போனில் சூரியபிரகாஷின் மெசேஜ்: 'காய்ச்சல்க்கா, வரல.'

இதையெல்லாம் பைக்கில் வரும்போதுதான் சொன்னாள். தம்பி தப்பித்துவிட்டான் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எந்த நம்பர்க்கா எழுதுன?"

"பதினாலு. கை தானா எழுதிருச்சுடா."

ஜெர்சன் வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா... அது ஸ்கூல் டீம்ல நீ போட்ட நம்பருல்ல?"

வண்டி கொஞ்சமும் ஆடவில்லை. ஈரச் சாக்கு வாடை மட்டும் வந்தது...

கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். சீட் காலி. சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை.