உள்ளே கைப்பிடி இல்லாத கார்

மாலை வகுப்புக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. வருகைப் பதிவேட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அறிக்கை எழுதப் பழக்கும் வகுப்பு அது. அதற்காகத் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும்: நேரம், நடந்தது, நான் செய்தது, எனக்குள்ள சந்தேகம். கடைசிக் கட்டம்தான் எனக்கு எப்போதும் நிரம்பி வழியும். வீட்டைப் பூட்டினேனா என்றுகூட இரண்டு வரி எழுதியிருப்பேன்.

கார்த் தொழிற்சாலையில் என் வேலை கதவு திறப்பது. கண்காட்சிக்கென்று செய்யும் ஒற்றைக் காரில் உள்ளேயும் கைப்பிடி கிடையாது, வெளியேயும் கிடையாது. கண்ணாடி இறங்காது. தள்ளி ஒருவன் ரிமோட்டுடன் நிற்பான். உள்ளே இருப்பவர் கையசைத்ததும் பொத்தானை அழுத்துவான். கதவு தானாகத் திறந்ததாக நினைத்துக் கூட்டம் வாய் பிளக்கும். அந்த ஒருவன் நான். எல்லாரும் என்னை 'கதவு' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் என் அக்காவின் கணவர். காரை வடிவமைத்தவரும், எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

மாமா கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "கண்காட்சில ராஜா மாதிரி ஒண்ணக் காட்டுறோம். விக்கும்போது அத மழுங்கடிச்சு டப்பா மாதிரி ஒண்ணத் தள்ளிவிடுறோம். அது ஏமாத்து வேலை இல்லையா, மச்சான்? காட்டினதையே குடுக்கணும். ஒரு கோடு மாறக் கூடாது."

அந்தக் கார் சாலைக்கு வர வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் இப்படியே வந்தால், வாங்குகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் ரிமோட்டோடு ஒரு நான் நிற்க வேண்டும். கதவின் உட்புறம், உட்கார்ந்தவர் கை தானாகப் போய் விழும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கைப்பிடி இருந்தால் போதும். அளந்து, படம் போட்டு, குறிப்பு எழுதி மாமாவிடம் கொடுத்தேன். பதினான்கு முறை. வெயிலில் பூட்டிய காருக்குள் ஒருவர் எத்தனை நிமிடம் தாங்குவார் என்றும் எழுதினேன். நாற்பது. அந்த எண் சரிதானா என்று மூன்று நாள் குழம்பினேன்.

ஒன்பதாவது குறிப்பின் பின்பக்கத்தில் மாமா ஒரு முன்விளக்கு வரைந்து வைத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. பதினான்காவதைக் கொடுத்தபோது எல்லார் முன்பும் சொன்னார்: "கதவெல்லாம் பேச ஆரம்பிச்சா, நாளைக்கு சக்கரம் லீவு கேக்கும்டா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

காரை அப்படியே விற்பனைக்குச் செய்வதா என்று உற்பத்திக் குழு முடிவெடுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு மாமா வெயில் அறைக்கு வந்தார். உச்சிவெயில் போலச் சுடும் விளக்குகள் கூரை முழுக்க இருக்கும் அறை அது. காரின் உள்பக்கம் போர்த்திய தோலும் சாயமும் வெளுக்கிறதா என்று அங்கேதான் பார்ப்போம். யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்பதால் போனை வாசல் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். வைத்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"வெளக்கப் போடு. அந்த வெள்ளத் தோல் வெயில்ல எப்படி மின்னுதுன்னு உள்ள ஒக்காந்து பாக்கணும். ரெண்டே நிமிஷம். கைய ஆட்டினா தொற."

"மாமா, அந்தக் கைப்பிடி..."

"நீதான்டா கைப்பிடி," என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

ஆறு ஐந்துக்குக் கதவு மூடியது. விளக்குகளை வழக்கமான இரண்டு மணி நேரச் சோதனைக்கு வைத்தேன். ஆறு ஏழுக்குக் கையை ஆட்டினார். ரிமோட் என் கையில்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். வகுப்பு ஆறரைக்கு. மாமா மறுபடியும் கையை ஆட்டினார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து அறையைச் சாத்தினேன். தட்டில் அவர் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

வகுப்பு வாசலில் இருந்தபோது அக்கா என்னைப் போனில் கூப்பிட்டாள். "மாமா போன எடுக்கவே மாட்டேங்கறாரு. எங்கடா இருக்காரு?"

"கார்லதான் இருக்காரு, அக்கா."

"அப்ப வந்துருவாரு. நீ ஏதாவது சாப்டியா?"

சாப்பிடவில்லை என்றேன். இரண்டு பதிலும் உண்மை. அப்போது ஆறு இருபத்தைந்து. என் கணக்கில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. திரும்பி நடக்கப் பதினைந்து போதும். வகுப்பு தொடங்கவோ ஐந்து நிமிடம்தான்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். ஒருவர் எழுதும் குறிப்பை ஏன் யாருமே படிப்பதில்லை என்று ஆசிரியரிடம் கேட்டேன். "சான்று இல்லாத குறிப்ப யாருங்க படிப்பா?" என்றார். அதை எழுதிக்கொண்டேன்.

இரவு அக்கா பல முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய்ப் பொத்தானை அழுத்தியவன் நான். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவனும் நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. அன்றைய பக்கத்தில் சந்தேகக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். எழுத எதுவும் தோன்றவில்லை.

நேற்று நீங்கள் காட்டிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். கண்ணாடியெங்கும் கைத்தடங்கள். ஆனால் வெள்ளைத் தோலில் இருந்த நகக்கீறல்கள் எல்லாம் கதவின் உட்புறத்தில், ஒரே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குள் இருந்தன. பதினான்காவது குறிப்பில் அந்த இடத்தின் அளவு இருக்கிறது. வைத்துப் பாருங்கள், பிசகாது. அக்காவிடமும் சொல்லுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்: மாமா கடைசியில் நான் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டார்.